குடத்தில் விழுந்த மாமனார்

ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பேசுகிற இடத்தில் அந்த ஊர்க்காரர்கள் யாரும் இருக்கக் கூடாது. இருந்தால், "ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம்" என்று நாம் ஆரம்பிக்கும்போதே பின்வரிசையில் ஒருவர் கனைப்பார். இது புரியாமல் நான் ஊரையே கூட்டி, பந்தல் போட்டு, மைக்செட் வைத்து, கானா நாட்டிலிருந்து வந்தவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து ஊர்ப் பெருமை பேசினேன். அன்றைக்குப் போன மானத்தில் பாதிதான் இதுவரை திரும்பி வந்திருக்கிறது.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். அப்போது நான் ஊராட்சித் தலைவராகி இரண்டு வருடம். பி.காம். படித்தவள், மேடையில் பேச வரும், எடுத்ததை முடிக்காமல் விடமாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம் இருந்தது. ஊருக்கு அது இல்லை. எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள், எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள், மருமகள் கையருகே இருந்தாள், நிறுத்தினார்கள், ஜெயித்தாள். ஊர் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

காலையில் யாராவது வாசலில் வந்து நின்று, "தலைவர் கீறாரா?" என்பார்கள். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் என் மாமனார் கோதண்டம் வேட்டியை இறுக்கிக்கொண்டு அங்கே போய் நிற்பார். "இன்னா விஷயம்?" என்பார். விஷயம் அங்கேயே முடிந்துவிடும். என்னைப் பார்த்ததும் வந்தவர், "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்று கேட்பார். என் கணவர் சேகர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவரையும் சில பேர் "தலைவரே" என்று கூப்பிடுவார்கள். வெட்கமே இல்லாமல் அவரும் திரும்பிப் பார்ப்பார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற ஏரி நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் ஒரு வரத்துக் கால்வாய் வழியாக எங்கள் ஏரிக்கு வர வேண்டும். வராது. கால்வாயின் குறுக்கே ஒரு மாட்டுக் கொட்டகை நின்றது. செங்கல் சுவர், சிமென்ட் ஷீட் கூரை, உள்ளே சீமைப் பசுக்கள், அவற்றுக்கு ஒரு மின்விசிறி. (எங்கள் படுக்கையறையில் இருந்ததைவிட நல்ல விசிறி.) எல்லாம் என் மாமனாருடையது. மழைக்காலத்தில் தண்ணீர் வந்து அந்தச் சுவரில் முட்டி, பக்கத்துத் தரிசில் பரவி வீணாகும். எங்கள் ஏரி முழங்கால் ஆழத்தோடு நிற்கும்.

பெரிய விவசாயிகள் போர்க்கிணறு போட்டுக்கொண்டார்கள். போர் போட வசதி இல்லாதவர்கள் காலனிக்காரர்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள், இப்போதுதான் ஏரிக்குக் கீழே கடைசியில் துண்டு துண்டாக வாங்கியிருந்தார்கள். ஏரி நிரம்பினால் அவர்களுக்கு இரண்டு போகம். நிரம்பாவிட்டால் ஒரு போகமே சந்தேகம்.

அவர்களில் ஒருவர் ரோசி அக்கா, காலனி வார்டு உறுப்பினர். கூட்டம் தவறாமல் எழுந்து நின்று, "வரத்துக் கால்வா இன்னாச்சி தலைவரம்மா?" என்று கேட்பார். முன்வரிசையில் மாமனார் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். நான், "பரிசீலனையில் இருக்கிறது" என்பேன். தெருவில் வேலியை ஒரு முழம் நகர்த்தியவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பிய வீராங்கனை நான். மாமனாருக்கு அனுப்பினால், அதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "கொழம்பு ஊத்தும்மா" என்பார். ஒருமுறை வீட்டில் தைரியமாகப் பேசியும் பார்த்தேன்.

"கால்வாய்ல என் கொட்டா இல்லம்மா, என் கொட்டா பக்கத்துல கால்வா வந்து நிக்குது" என்றார் மாமனார்.

நான் குழம்பைச் சூடுபண்ணப் போய்விட்டேன்.

இந்த நிலையில்தான் புரட்டாசி ஆரம்பத்தில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து பி.டி.ஓ. போன் செய்தார். கானா நாட்டில் உள்ளாட்சி முறையைத் திருத்தி அமைக்கப் போகிறார்களாம். அதற்காக ஒரு குழு பல ஊர்களைப் பார்த்துக்கொண்டு வருகிறதாம். உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டைப் பார்த்த கையோடு, காந்தி ஜெயந்தி அன்று நடக்கிற கிராம சபை ஒன்றையும் பார்க்க வேண்டுமாம். உங்கள் ஊர் பக்கத்தில் இருக்கிறது, ரோடும் சுமாராக இருக்கிறது, அமைதியாக நடத்திக் காட்டினால் போதும் என்றார்.

போதுமா? எனக்குப் போதவில்லை. அந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறது? ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம் என்று குழுக்கள் இருந்தன. அதற்கு ஆள் எடுக்க, தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று விதி விதியாகச் சுவரில் வெட்டியும் வைத்தார்கள். அதை அப்படியே எங்கள் ஊரில் நடத்திக் காட்டுவது என்று முடிவு செய்தேன். குடவோலையில் ஓர் ஏரி வாரியத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது, கைதட்டுவது, கேசரி சாப்பிடுவது. ஒரு சின்ன நாடகம். இதில் என்ன வில்லங்கம் வந்துவிடும்?

வேலையில் இறங்கினால் நான் சும்மா இருக்கமாட்டேன். உத்திரமேரூர்ச் சந்தையில் தட்டித் தட்டிப் பார்த்து ஒரு மண்குடம் வாங்கினேன். கல்வெட்டு விதிகளை எளிய தமிழில் எழுதி ஃப்ளெக்ஸ் அடித்தேன். (ஓரத்தில் கைகூப்பிய என் படம். விதிகளைவிடப் படம் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.) பேச்சை மனப்பாடம் செய்து, வீட்டில் யாரும் கேட்காததால், கொட்டகையில் போய்ப் பசுக்களுக்குப் பேசிக் காட்டினேன். அவை மரியாதையாகக் கேட்டன. மொழிபெயர்க்க யார் என்று பி.டி.ஓ. கேட்டதற்கு, கம்பெனியில் கொரியாக்காரர்களையே சமாளிக்கிறவன் நான் என்று சேகர் முந்திக்கொண்டார்.

ஒரே ஒரு பயம்தான். ரோசி அக்கா வீட்டுக்குப் போய், அன்றைக்கு மட்டும் கால்வாய்ப் பேச்சு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "நான் எதுக்கு எடுக்கப்போறேன்? நீ படிக்கறத கேட்டுக்கினு உக்காந்திருக்கேன்" என்றார். எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த வயதில் எனக்கு மூளை அவ்வளவுதான்.

காந்தி ஜெயந்தியும் வந்தது. கானாக்காரர்களும் வந்தார்கள். குறிப்பெடுக்கிற இரண்டு ஆண்கள், அவர்களுக்குத் தலைவியாக அபேனா என்று ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும், நல்ல உடல்வாகு, மஞ்சளில் பூப்போட்ட உடுப்பு, சங்கிலி கோத்த கண்ணாடி, பந்தல் அதிர்கிற சிரிப்பு. அவருடைய ஊரில் அவரும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்தானாம். அவர் பையைத் திறந்து, பொன்னிறமும் பச்சையும் சிவப்புமாகக் கையால் நெய்த ஒரு துண்டை எடுத்தார். இந்த ஊர்த் தலைவருக்கு எங்கள் நாட்டின் மரியாதை என்று சொல்லிவிட்டு, யார் தலைவர் என்பதுபோலக் கூட்டத்தைப் பார்த்தார்.

பந்தல் மொத்தமும் என் மாமனாரைப் பார்த்தது. பழக்கதோஷம். நாலு பேர் கையை நீட்டியும் காட்டிவிட்டார்கள். அபேனா நேரே போய் அவர் தோளில் துண்டைப் போட்டார். மாமனார் எழுந்து, குனிந்து, இதற்காகவே காத்திருந்த மாதிரி வாங்கிக்கொண்டார். மைக் பக்கத்தில் பட்டுப்புடவையில் மரம் மாதிரி நின்ற என்னைக் காட்டி, என் உத்தமக் கணவர், "திஸ் இஸ் மை வைஃப்" என்று அறிமுகம் செய்துவைத்தார். பி.டி.ஓ.தான் இருமிக்கொண்டே, மேடம், இவர்தான் பிரசிடெண்ட் என்றார். அபேனா என்னையும் மாமனாரையும் சேகரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஓ" என்றார். பூமி பிளக்காதா என்று இருந்தது எனக்கு.

பிறகு எங்கள் பங்குக்குச் சால்வை போட ஆரம்பித்தோம். வந்தவர்களுக்குப் போட்டோம், பி.டி.ஓ.வுக்குப் போட்டோம், போடாவிட்டால் கோபித்துக்கொள்கிறவர்களுக்கெல்லாம் போட்டோம். அது முடிவதற்குள் கேசரி ஆறிவிட்டது. அபேனா தாங்கள் வந்த காரணத்தைச் சொன்னார். அவர்கள் நாட்டில் மாவட்டத்தை நடத்துகிறவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, தலைநகரிலிருந்து நியமிக்கிறார்கள். அதை மாற்ற வேண்டும் என்று பல வருடமாகப் போராடுகிறார்கள். தேர்தல் வைத்தால் கட்சிச் சண்டை வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். சண்டை இல்லாமல் ஆள் எடுத்த ஊர் இது என்று படித்தோம், அதனால் வந்தோம் என்றார். சண்டை இல்லாத ஊர் என்றதும் பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

நான் மைக்கைப் பிடித்தேன். "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த மண்" என்கிற இடம்வரை வந்திருப்பேன், அபேனா கையைத் தூக்கினார். அவரிடம் கல்வெட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது. வேதம் படித்தவர்களுக்குத்தான் தகுதி என்று இதில் ஒரு விதி இருக்கிறதே, உங்கள் பலகையில் காணோமே? அப்புறம், பெண்கள் பெயர் குடத்தில் விழுந்ததா? சேகர் இதைச் சந்தோஷமாகவே மொழிபெயர்த்தார். அந்த விதியைக் கமுக்கமாக விட்டுவிட்டு ஃப்ளெக்ஸ் அடித்தவள் நான். ஃப்ளெக்ஸின் ஓரத்தைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன். ரோசி அக்கா எழுந்தார்.

"அந்தக் கொடத்துல பொம்பள பேரும் வுழுந்திருக்காது, எங்க ஆளுங்க பேரும் வுழுந்திருக்காது. அது அவங்க கொடம். இது போன வாரம் சந்தையில வாங்கின கொடம். இதுல எல்லார் பேரும் போடுங்க, அவ்ளோதான்."

அபேனா கைதட்டினார். நானும் தட்டினேன். வேறு வழியில்லை. விதிகளைப் படிக்க ஆரம்பித்தேன். நான் நினைத்தது, நான் படிப்பேன், எல்லோரும் பெருமையாகத் தலையாட்டுவார்கள் என்று. எங்கள் ஊர்க்காரர்கள் நினைத்தது வேறு. படிக்கப் படிக்க, ஒவ்வொரு விதியையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருத்திப் பார்த்தார்கள்.

சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்றேன். பால் சொசைட்டியில் வேலை பார்க்கிற ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடு என் பேரில் இருக்கிறது, அவர் பேரில் இல்லை என்று அவர் மனைவி அங்கிருந்தே சொன்னார். அவர் சீட்டு போயிற்று. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என்றேன். மாமனார் தனக்கு அறுபத்தொன்பது என்றார். அவருடைய சிநேகிதர் ஒருவர் எழுந்து, நானும் இவனும் மூணாங்கிளாஸில் ஒரே பெஞ்சு, எனக்கு எழுபத்திரண்டு நடக்கிறது என்றார்.

"நான் வந்து சேர்றதுக்கு முன்னாடியே நீ அந்த பெஞ்சுல ஃபெயிலாயிக்கினு இருந்தடா" என்றார் மாமனார். அந்த நியாயம் சபையில் எடுபட்டுவிட்டது.

அடுத்தது, பொதுக் கணக்கை ஒப்படைக்காதவருக்குத் தகுதி இல்லை என்கிற விதி. ஆடிக் கூழ் திருவிழாக் கணக்கை இன்னும் படிக்காமல் இருந்த டீக்கடைக்காரரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கல்வெட்டு அவருடைய சொந்தக்காரர்களையும் சேர்த்து ஒதுக்குகிறது. மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை மகன், பெரியம்மா மகன், சின்னம்மா மகன் என்று போய்க்கொண்டே இருக்கிறது. எங்கள் ஊரில் டீக்கடைக்காரருக்கு யார் மாமன் மச்சான் இல்லை? உறவுமுறை பேசிக்கொண்டே பாதிப் பந்தல் எழுந்து வெளியே போய் நின்றது. டீக்கடை வீட்டுச் சம்பந்தம் நம் குடும்பத்துக்கு வேண்டாம் என்று அப்போதே சொன்னேனே, பார்த்தாயா என்று மாமனார் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். பி.டி.ஓ. கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

இன்னும் ஒரு விதிதான் பாக்கி. நானும் வேகமாகப் படித்துவிட்டேன். "அடுத்தவர் பொருளை அபகரித்தவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது." படித்து முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ரோசி அக்கா நிதானமாகக் கையைத் தூக்கினார்.

"ஒரே ஒரு சந்தேகம் தலைவரம்மா. பொதுச் சொத்து, அடுத்தவங்க பொருள்ல சேருமா, சேராதா?"

அவர் கால்வாய் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். மாமனார் தோளில் இருந்த கானாத் துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஒரே நேரத்தில் ஊரே பேசியது. கொட்டகை, சுவர், தண்ணீர் முட்டி நிற்பது, காய்ந்த நாற்று, கடைசியில் அந்த மின்விசிறிகூட விடுபடவில்லை. என்ன பேசுகிறார்கள் என்று அபேனா சேகரைக் கேட்டார். பெற்ற அப்பாவைப் பற்றி ஊர் போட்ட அத்தனை சத்தத்தையும் சேகர் கேட்டுக்கொண்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் சொன்னார். மாடுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். இவ்வளவு நேரமுமா என்று அபேனா கேட்டார். நல்ல மாடுகள் மேடம் என்றார் சேகர்.

அபேனா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பி.டி.ஓ.வைப் பார்த்தார். பி.டி.ஓ. தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டே உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். கொட்டகை யாருடையது, அவர் எனக்கு என்ன வேண்டும், மொழிபெயர்க்கிறவர் அவருக்கு என்ன வேண்டும், எல்லாம்.

அபேனா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அவர் ஊரிலும் சந்தைக்குப் பக்கத்துச் சாக்கடையின் மேல் ஒரு பெரிய கடை இருக்கிறதாம். அதிகாரத்தில் இருக்கிற ஒருவரின் மைத்துனர் கடை. மழை பெய்தால் சந்தை முழுக்கத் தண்ணீர், காய்கறிக்காரப் பெண்கள் இடுப்பளவு நீரில் நிற்பார்களாம். இவர் சபையில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாராம். மேலேயிருந்து நியமிக்கப்பட்டவர் மேலேதான் பதில் சொல்கிறார், கீழே இருக்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். பிறகு மாமனாரைப் பார்க்காமல், சேகரைப் பார்க்காமல், என்னை மட்டும் பார்த்துச் சொன்னதைப் பி.டி.ஓ. மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"உங்களை இந்த ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க. இங்க நீங்க என்ன பண்ணுவீங்க, அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்னு சொல்றாங்கம்மா."

பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் கூட்டம் முடிந்திருக்கும், கேசரி சாப்பிட்டிருப்போம். ஆனால் வடகிழக்கு மழைக்கு இன்னும் சில வாரம்தான். இந்த மழையையும் விட்டால் ரோசி அக்காவின் நிலத்துக்கு இன்னொரு வருடம் வறட்சி. வாசலில் வருகிறவர்களுக்கு நான் ஆயுசுக்கும் சொம்புத் தண்ணீர் கொடுக்கிறவள்தான். சரி, போன மானம் போனதாகவே இருக்கட்டும், வேலையாவது நடக்கட்டும் என்று மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தேன்.

"இது நாடகம் இல்ல, கிராம சபை. தீர்மானம் சொல்றேன். இன்னைக்குக் குடத்துல வர்ற ஏரி வாரியம், மழைக்கு முன்னாடி வரத்துக் கால்வாயை முழுசாத் திறந்து விடணும். நடுவுல யார் கட்டடம் இருந்தாலும் எடுக்கணும். சம்மதம்னா கை தூக்குங்க."

வெளியே போய் நின்ற டீக்கடைச் சொந்தங்கள் உட்பட எல்லோரும் கை தூக்கினார்கள். இது வெறும் டெமோதானேம்மா என்று பி.டி.ஓ. காதருகே கேட்டார். இல்லை சார் என்றேன். அப்போது மாமனார் எழுந்தார்.

"என் பேரையும் போடு" என்றார். "திருடன்னு சொல்லி என்ன ஒதுக்கிட முடியாது. நான் வந்தாலும் தீர்மானம் தீர்மானந்தான்."

அவர் கணக்கு எனக்குத் தெரியாதா? தன் பெயர் வந்தால் கொட்டகைக்குத் தானே காவல், வராவிட்டால் ஊர் சதி செய்துவிட்டது என்று சாகும்வரை சொல்லலாம். ரோசி அக்காவைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, போடட்டும், சொன்ன வார்த்தையை ஊரே கேட்டிருக்கிறது என்றார். நான் விடவில்லை. மைக்கை மாமனார் வாய்க்கு முன்னால் நீட்டி, நீங்கள் வந்தாலும் எடுக்க வேண்டும், சரியா மாமா என்று கேட்டேன். "சரிதாம்மா, எத்தினி வாட்டி சொல்றது" என்று அவர் சொன்னது மேல்தெரு ஸ்பீக்கர்வரை போய் எதிரொலித்தது.

விதிகளில் தேறியவர்கள் கைவிரலில் எண்ணும்படிதான் மிஞ்சியிருந்தார்கள். ரோசி அக்கா பெயர், மாமனார் பெயர், இன்னும் சில சீட்டுகள். சீட்டை எடுப்பவருக்குச் சீட்டில் இருப்பது தெரியக் கூடாது. எங்கள் பந்தலில் தமிழே படிக்கத் தெரியாதவர்கள் கானாக்காரர்கள்தான், அபேனாவைக் கூப்பிட்டேன். குடத்தைத் தலைகீழாகக் காட்டி, சீட்டுகளைப் போட்டு, குலுக்கினேன். அவர் வளையல் சத்தத்தோடு முழங்கைவரை உள்ளே விட்டு ஒன்றை எடுத்தார். கல்வெட்டில் சொன்னபடி ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கினேன். பார்த்தேன். என் கண்ணுக்கு மட்டும்தான் அப்போது அது தெரியும். ரோசி என்று படித்துவிடலாமா என்று ஒரு கெட்ட எண்ணம் வந்து போனது. ஆனால் எடுத்த சீட்டை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்பதும் விதி. அதையும் நான்தான் ஃப்ளெக்ஸில் போட்டிருந்தேன்.

"கோதண்டம்" என்று படித்தேன்.

கானாக்காரர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். மாமனார் சட்டமன்றத்துக்கே ஜெயித்தவர் மாதிரி நாலு பக்கமும் கும்பிட்டார். அபேனா போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, கையை விடாமலே ஏதோ கேட்டார். சேகர் பந்தல் கூரையைப் பார்த்தார். பி.டி.ஓ. சொல்லப் போனார். நான் தடுத்து, உங்கள் அப்பாவுக்கு நீங்களே சொல்லுங்கள் என்றேன். அன்றைக்கு முதல்தடவையாக என் கணவர் ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தார்.

"எப்ப இடிக்கப்போறீங்கன்னு கேக்கறாங்க, நைனா."

மாமனார் கையை உருவப் பார்த்தார். அபேனாவின் பிடி கெட்டிப்பிடி. எதிரே ஊர். தோளில் வெளிநாட்டுத் துண்டு. சொன்ன வார்த்தை ஸ்பீக்கரில் போய்விட்டது. இனி இடிக்காவிட்டால் அவர் கோதண்டம் இல்லை, கொட்டா கோதண்டம் என்றே கூப்பிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

"நாளைக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இல்ல, நாளான்னிக்கு. நாளைக்கு அஷ்டமி" என்றார்.

அன்று சாயங்காலம் மாமனார் நான் பரிமாறியதைச் சாப்பிட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியார் மட்டும், இன்னொரு கரண்டி கேசரி வை என்றார். அஷ்டமி கழிந்தது. மறுநாள் விடிந்ததும் கடப்பாரைச் சத்தம் கேட்டு ஓடினேன். துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, மாமனார் கூரைமேல் நின்று தானே ஷீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரோசி அக்காவும் காலனிக்காரர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். கிட்டே வராதீர்கள், வாரியம் பார்த்துக்கொள்ளும் என்று விரட்டினார். வெயில் ஏறிய பிறகு, சரி, செங்கல்லையாவது தூக்குங்கள் என்று இறங்கி வந்தார்.

கொட்டகை போன பிறகுதான் ஊருக்குப் புதுத் தலைவலி ஆரம்பித்தது. வாரியம் கால்வாயோடு மேல்நோக்கி நடந்தது. எவன் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறான், எவன் மண்ணைக் கொட்டியிருக்கிறான் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தது. "என் கொட்டாவயே நான் இடிச்சவன், உன் வேலி இன்னாடா பெரிய வேலி?" என்று அவர் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? இரண்டு வருடம் நோட்டீஸ் அனுப்பி நான் செய்ய முடியாததை அவர் ஒரே வாரத்தில் பேஜார் பண்ணியே முடித்துவிட்டார். டீக்கடைக்காரர் பயந்துபோய்த் திருவிழாக் கணக்கையும் கொண்டுவந்து படித்துவிட்டுப் போனார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் ஊரே ஏரிக்கரையில் போய் நின்றது. கால்வாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து ஏரிக்குள் இறங்கியது. ரோசி அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, "வந்துட்டுது தலைவரே" என்றார். அதுவரை கேலியாகத் தலைவரம்மா என்று கூப்பிட்டவர். நான் அழுதேன். மழையில் தெரியவில்லை என்று எழுதலாம், ஆனால் நான் குடை பிடித்திருந்தேன், எல்லோருக்கும் நன்றாகவே தெரிந்தது. அந்த வருடம் காலனி நிலத்தில் இரண்டு போகம் விளைந்தது.

எனக்குக் கிடைத்தது பசுக்கள். கொட்டகை போனதும் அவை எங்கள் வீட்டுப் பக்கவாட்டுக்கு வந்துவிட்டன, சரியாக எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே. மின்விசிறியும் கூடவே வந்தது. சேகர் பைக் நிறுத்திய இடம் அது. அவர் வாயைத் திறக்க முடியாது. அவர் பெயரில்தான் எங்கள் வீட்டில் ஒரு சொல்லே உண்டாகிவிட்டது. என் மகள் கணக்கில் கோட்டைவிட்டுவிட்டு, டிராயிங்கில் நல்ல மார்க் என்று வந்து நிற்பாள். சாம்பார் எப்படி என்று கேட்டால் சேகர், சூடாக இருந்தது என்பார். உடனே மாமியார்வரை எல்லோரும் ஒரே குரலில், "இது சேகர் மொழிபெயர்ப்பு" என்போம்.

அபேனா இன்னும் வாட்ஸப்பில் பேசுகிறார். அவர்கள் நாட்டுச் சட்டம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, சாக்கடை மேல் அந்தக் கடையும் அப்படியே இருக்கிறது. விடமாட்டேன் என்கிறார். போகிற கூட்டத்திலெல்லாம் தன் கொட்டகையைத் தானே இடித்த பெரியவர் கதையைச் சொல்கிறாராம். கடையை எடுக்கிற அன்றைக்கு வீடியோ அனுப்புகிறேன், வாரியத்துக்குக் காட்டு என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் காத்திருக்கிறோம்.

எங்கள் ஊரில் இப்போது ஒவ்வொரு காந்தி ஜெயந்திக்கும் அதே குடத்தில் ஏரி வாரியம் எடுக்கிறோம். கானாத் துண்டு வாரியத்தோடு போகும் என்பது மாமனார் போட்ட விதி. அடுத்த வருடம் ரோசி அக்கா பெயர் வந்தபோது, அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, காலனிக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். அங்கே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டு ஆண்கள் அந்தத் தெருவில் டீ குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

போன வாரம் யாரோ ஒரு வெளியூர்க்காரர் காலையில் வந்து வாசலில் நின்றார். நான் சமையலறையில் இருந்தேன். "தலைவர் கீறாரா?" என்று குரல் கேட்டது. பசுவைக் கழுவிக்கொண்டிருந்த மாமனார் ஈரக் கையோடு எழுந்து வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பழையபடி ஆரம்பித்துவிட்டாரே என்று நானும் அவசரமாகக் கையைத் துடைத்தேன்.

"தலைவர் உள்ள கீறாங்க, வருவாங்க. நான் முன்னாள் வாரியம்" என்றார் மாமனார். "நில்லுங்க, ஒரு சொம்பு தண்ணி கொண்டாறேன்."